அண்ணாச்சி பேரில் ஒரு ழ

"வாசிக்கட்டுமா?"

இப்படிக் கேட்காமல் அவர் ஒரு காகிதத்தையும் யார் கையிலும் கொடுத்ததில்லை. சாத்தூரில் வக்கீலாக இருந்தபோதும் கேட்டார், எங்கள் தொகுதிக்கு எம்.எல்.ஏ. ஆனபோதும் கேட்டார். மதுரை ஹைகோர்ட்டில் ஜட்ஜாக உட்கார்ந்த பிறகு ஒரே ஒரு நாள் கேட்கவில்லை. அந்த ஒரு நாள் என்னுடைய நாள். அதைச் சொல்லத்தான் தொடங்கினேன். அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

அவரை நாங்கள் அண்ணாச்சி என்போம். எனக்கு உறவு கிடையாது. அவர்கள் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்கள், நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். அவருடைய அம்மா மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். ஆபரேஷனுக்கு முன்னால் கைநாட்டு வாங்கும் பேப்பரை, நோயாளிக்கு முழுசாக வாசித்துக் காட்டாமல் வாங்க மாட்டாராம். டாக்டர் கையைக் கழுவிவிட்டுக் காத்து நின்றாலும் வாசித்து முடித்துத்தான் மறுவேலையாம். அந்தப் பழக்கம்தான் மகனுக்கும்.

ஆள் நெட்டை, ஒல்லி. கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டு, பேப்பரைத் தூரத்தில் பிடித்து வாசிப்பார். ஒவ்வொரு வரி முடிந்ததும் நிறுத்தி நம் முகத்தைப் பார்ப்பார். "சரியா?" என்பார். நாம் சரி என்றால்தான் அடுத்த வரி. அவசரக்காரர்களுக்கு அவரோடு ஒத்துவராது. எனக்கு ஒத்துவந்தது.

எம்.எல்.ஏ.வாக இருந்தபோது திங்கட்கிழமைதோறும் மனு வாங்குவார். தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து மனு எழுதித் தருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். ஒரு திங்கட்கிழமை நானும் அங்கே இருந்தேன். தாயில்பட்டியிலிருந்து ஒரு பெரியவர் முதியோர் பென்சனுக்கு மனு கொண்டுவந்தார். அண்ணாச்சி வழக்கம்போல வாசித்தார்.

"'என் கணவர் இறந்து மூன்று வருடங்கள் ஆகின்றன.' சரியா, பெரியவரே?"

"என்னய்யா சொல்றீக?"

"உங்க புருசன் செத்துட்டாராம். இங்கன எழுதியிருக்கு."

"அட கொடுமையே! நான் கட்டுனவ வீட்ல குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கா. இதைக் கேட்டான்னா என்னைய உசுரோட விடமாட்டாய்யா!"

பெண்கள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அண்ணாச்சி சிரிக்கவில்லை. தன் கையாலேயே வேறு மனு எழுதி, அதையும் வாசித்துக் காட்டி, அப்புறம் எங்கள் பக்கம் திரும்பினார். "சிரிக்காதீக. நான் வாசிக்காம மேலே அனுப்பியிருந்தா, இவருக்குக் கிடைக்கிறது விதவைப் பட்டந்தான்" என்றார்.

அவருடைய கட்சிக்காரர்களுக்கு இதெல்லாம் பிடிக்காது. ஓட்டுக் கேட்டு எங்கள் ஊர் அச்சங்குளத்துக்கு வந்தபோது, அவர்களே அச்சடித்த நோட்டீசை வரிவரியாக வாசித்து, "இதுல எது உங்களுக்கு வேணும்?" என்று எங்களிடமே கேட்டவர் அவர். ஒன்றும் வேண்டாம், தண்ணீர்க் குழாய் போதும் என்றோம். மற்றதையெல்லாம் பேனாவால் அடித்தார். கூட வந்தவர் தலையில் கை வைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, ஆயிரக்கணக்கில் அடிச்சு வச்சிருக்கோம், எல்லாத்தையும் பேனாவால் அடிப்பீகளா?" என்றார்.

இனி என் கதை.

எனக்குப் பேர் மாரிக்கனி. இந்தப் பேரைச் சொல்வதற்கு நான் பல வருசம் கோர்ட்டு வாசலில் நின்றிருக்கிறேன், அதனால் இரண்டு தரம் சொன்னாலும் தப்பில்லை. மாரிக்கனி. எங்கள் ஊருக்கு மேற்கே அப்போது இருந்த ஒரு வெடிக் கம்பெனியில் சரம் பின்னினேன். என் கை வேகத்துக்கு அங்கே இன்னொரு கை கிடையாது. ஆனால் அந்தக் கம்பெனியில் எனக்குப் பேர் சொர்ணம்.

சொர்ணம் என் ஓரகத்தி, என் வீட்டுக்காரரின் அண்ணன் பெண்டாட்டி. முதலில் அந்த வேலை அவளுடையது. மச்சானுக்கு விருதுநகரில் பருப்பு மில்லில் வேலை கிடைத்ததும் அவள் அங்கே போய்விட்டாள். அவள் இடத்துக்கு நான் போனேன். போர்மேன், "சீசன் நேரம், புதுப் பேரு ஏத்த முடியாது. சொர்ணம் பேருலயே வந்துட்டுப் போ. அப்புறம் மாத்திக்கிடலாம்" என்றார். அந்த அப்புறம் பதினோரு வருசம் வரவில்லை. எங்கள் பக்கம் இது புதுசு இல்லை. அக்கா பேரில் தங்கச்சி, மாமியார் பேரில் மருமகள் என்று எத்தனையோ பேர். தினமும் காலையில் சொர்ணம் என்று எழுதியிருக்கும் இடத்துக்கு நேராக என் இடது கைப் பெருவிரலை வைத்துவிட்டு உள்ளே போவேன். சோறு வருகிறது, பேரில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அது என் புத்தி.

ஒரு நாள் பக்கத்து அறையில் வெடிமருந்து உரசிப் பற்றியது. எங்கள் அறைச் சுவர் விழுந்தது. போனவர்களைப் பற்றி நான் சொல்ல மாட்டேன், அவர்கள் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். எனக்கு இடது கையில் இரண்டு விரல் போயிற்று. பெருவிரலும் அதற்கு அடுத்ததும். பதினோரு வருசம் ரிஜிஸ்தரில் பதிந்த அதே விரல்.

அண்ணாச்சி ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். எனக்கு அப்போது நினைவு தப்பியிருந்தது. கம்பெனிக்காரர்கள் அவர் கையில் ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். அதை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போய்ச் சட்டசபையில் எழுந்து நின்றார். "பட்டியலை அவையில் வைத்தால் போதும்" என்று சபாநாயகர் சொல்ல, "வைத்தால் பேப்பர், வாசித்தால்தான் ஆள்" என்று சொல்லி, போனவர்கள், காயம்பட்டவர்கள் எல்லார் பேரையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தாராம். மறுநாள் பேப்பரிலும் வந்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் அந்தப் பேப்பரைக் கிழித்துப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள்.

அதில் மாரிக்கனி இல்லை. சொர்ணம் இருந்தது.

பேப்பரைப் பார்த்துவிட்டு சொர்ணத்தின் தாய்வீட்டு ஆட்கள் ரொட்டியும் ஆரஞ்சுப் பழமுமாக, மாரில் அடித்துக்கொண்டு விருதுநகருக்குப் போயிருக்கிறார்கள். அவள் வாசலில் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாளாம். "ஏ பாவி, வெடியில கை போனவ புளிய உரிச்சுக்கிட்டு இருக்கியேடி!" என்று அவள் சித்தி கத்தியதை, என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சொர்ணமே சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் என் கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ரொட்டியையும் பழத்தையும் எனக்குத்தான் கொண்டுவந்திருந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே நான் சாத்தூருக்கு பஸ் ஏறினேன். அழுகிறதற்குப் போகவில்லை. கேட்கிறதற்குப் போனேன்.

"அண்ணாச்சி, எங்க பேரையெல்லாம் சட்டசபையில வாசிச்சீகளே, எங்கிட்ட வாசிச்சுக் காட்டுனீகளா?"

அவருக்கு முதலில் விளங்கவில்லை. கையைக் காட்டினேன். "இது சொர்ணம் கை இல்ல. சொர்ணம் விருதுநகர்ல ரெண்டு கையோட சுகமா இருக்கா. இது மாரிக்கனி கை."

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். குமாஸ்தாவிடம் அந்தப் பட்டியலை எடுத்துவரச் சொன்னார். அதை எனக்கு முன்னால் வைத்து, சொர்ணம் என்று இருந்த இடத்தில் விரலை வைத்தார். பிறகு, "தாயில்பட்டிப் பெரியவருக்கு வாசிச்சுக் காட்டுனேன். உனக்குக் காட்டாமப் போய்ட்டேனே, மாரிக்கனி" என்றார். ஆம்பிளை கண் கலங்கினால் எனக்குப் பார்க்கப் பிடிக்காது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

திருத்தச் சொல்லிச் சபாநாயகருக்கு எழுதினார். சபையில் சொன்னது சொன்னதுதான் என்று பதில் வந்தது. அடுத்த தேர்தலில் கட்சி அவருக்கு இடம் தரவில்லை. அவரும் கேட்கவில்லை. பழையபடி கருப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, முதல் வேலையாக என் கேசை எடுத்தார்.

வக்காலத்தில் வலது கை ரேகை வைக்கச் சொன்னார் குமாஸ்தா. "இனிமே ரேகை வைக்க மாட்டேன். என் பேரை நானே எழுதுறேன்" என்றேன். ரேஷன் கார்டைப் பார்த்து எழுதி எழுதிப் பழகினேன். விரல் போன பிறகுதான் எனக்கு எழுத்து வந்தது. அண்ணாச்சி ஆபீஸ் பெஞ்சில் காத்திருந்த நேரமெல்லாம் எதிரே கதவுக்கு மேலே இருந்த அவருடைய பேர்ப் பலகையைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். என் பேருக்கு அடுத்து நான் படித்த பேர் அவருடையது. அதில் ஒரு எழுத்து, வாலைச் சுருட்டிக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அது என்ன என்று குமாஸ்தாவிடம் கேட்டேன். "அதுதான் ழ. நம்ம ஊர்ல எல்லாரும் ள-ன்னு சொல்லுதோமே, அது" என்றார். என் வாய்க்கு அது வராது. கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

லேபர் கோர்ட்டில் தோற்றுப்போனோம். மாரிக்கனி என்று எங்களிடம் யாரும் வேலை பார்க்கவில்லை என்றது கம்பெனி. ரிஜிஸ்தரில் சொர்ணம். பக்கத்தில் இருக்கிற ரேகையை ஒப்பிடலாம் என்றால் அந்த விரல் மண்ணோடு போய்விட்டது. கூட வேலை பார்த்தவர்களும் சொர்ணமும் எனக்காகச் சாட்சி சொன்னார்கள். வேண்டியவர்கள் சாட்சி என்று அது எடுபடவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே கம்பெனி வக்கீல் ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினார். சட்டசபை நடவடிக்கைக் குறிப்பு. "மனுதாரருக்காக வாதாடுகிற இந்த வக்கீலே, எம்.எல்.ஏ.வாக இருந்தபோது, காயம்பட்டவர் சொர்ணம் என்று சபையில் சொல்லியிருக்கிறார்" என்றார். அண்ணாச்சி தலையை நிமிர்த்தவே இல்லை.

மதுரைக்கு அப்பீல் போட்டோம். அது வருசக்கணக்கில் கிடந்தது. கிடக்கும்போதுதான் ஒரு நாள், அண்ணாச்சி ஹைகோர்ட்டு ஜட்ஜ் ஆகிவிட்டார் என்று சாத்தூர் முழுக்க மிட்டாய் கொடுத்தார்கள். நானும் வாங்கித் தின்றேன்.

ஜட்ஜ் ஆனதும் அவர் வேறு மனுஷர் ஆகிவிட்டார். எல்லாக் கேஸ்களையும் மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். என் கேஸ் அவரிடம் ஜூனியராக இருந்த ஒரு வக்கீலம்மாவுக்குப் போயிற்று. என் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போனேன். வாசலில் இருந்த போலீஸ்காரர், "கேஸ் நடக்கிறவங்க பத்திரிகையை ஐயா வாங்க மாட்டாங்கம்மா" என்று திருப்பி அனுப்பினார். ஜன்னலில் அவர் நிழல் தெரிந்தது. சரி, பெரிய இடம், அப்படித்தான் இருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டு வந்தேன்.

ஒரு நாள் வக்கீலம்மா போன் செய்தார். "அம்மா, நம்ம கேஸ் நாளைக்கு வருது. அண்ணாச்சி கோர்ட்டுலேயே போட்டிருக்கு."

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வாசித்த வாய் அதுதான். திருத்தப் போகிற வாயும் அதுதான். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனேன். சொர்ணமும் கூட வந்தாள். "கேட்டா ரெண்டு கையையும் தூக்கிக் காட்டுறேன்டி" என்றாள்.

உயரத்தில் உட்கார்ந்திருந்தார். கேஸ் நம்பரைக் கூப்பிட்டார்கள். கேஸ் கட்டைத் திறந்தார், மேல் தாளைப் பார்த்தார், மூடினார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார். கொஞ்ச நேரம் சொன்னார். அதில் எனக்கு விளங்கியது இரண்டே வார்த்தை. சொர்ணம், மாரிக்கனி. முடித்துவிட்டு என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

"அம்மா, உங்கள் வழக்கை நான் விசாரிக்கக் கூடாது. வேறு நீதிபதி விசாரிப்பார்."

அவ்வளவுதான். அடுத்த கேசைக் கூப்பிட்டார்கள். என்னை அவர் அம்மா என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். நீங்கள், உங்கள் என்று பேசியதும் அன்றைக்குத்தான். எழுதியதை வாசிக்கட்டுமா என்று கேட்கவே இல்லை.

வெளியே வந்து வக்கீலம்மாவிடம் கேட்டேன். "ஏம்மா, நான் என்ன தீட்டா?"

"அப்படி இல்லம்மா. அவங்களுக்கு உங்களைத் தெரியும். தெரிஞ்சவங்க கேசை எடுக்கக் கூடாது."

"தெரியாதவகளுக்கு என் பேரு எப்படித் தெரியும்?"

அவர் அடுத்த கேசுக்கு உள்ளே போனார். அங்கே விற்ற முறுக்கை சொர்ணம் வாங்கிக் கொடுத்தாள். நான் தொடவில்லை. பஸ் திருமங்கலம் தாண்டும்வரை அவள் என்னிடம் பேசவும் இல்லை. அவளுக்கு என்னைத் தெரியும்.

அதன் பிறகு வேறு ஒரு ஜட்ஜ் கேட்டார். தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. வக்கீலம்மா தீர்ப்பைக் கொண்டுவந்து என் பேர் இருக்கும் இடத்தைக் காட்டினார். இங்கிலீஷ் எழுத்து. இதுதான் மாரிக்கனியா என்று கேட்டுவிட்டு அந்த இடத்தைத் தடவிப் பார்த்தேன். எல்லாருக்கும் காப்பி போட்டேன். அண்ணாச்சிக்குச் சொல்லியனுப்ப வேண்டாமா என்று வக்கீலம்மா கேட்டபோது, "அவுகளுக்குத்தான் என்னையத் தெரியுமே" என்று சொல்லிவிட்டேன். எனக்கு ரோஷம் கொஞ்சம் அதிகம்தான்.

அவர் ரிட்டயர்டு ஆன மறு மாதம், ஒரு முற்பகலில், எங்கள் ஊருக்கு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். கார் இல்லை, போலீஸ் இல்லை. முடி முழுக்க வெளுத்திருந்தது. நான் முற்றத்தில் மிளகாய் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. அவராகவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏத்தா மாரிக்கனி, கோவமா இருக்கியா?"

"நாங்க யாரு கோவிக்க? நீங்க பெரிய ஜட்ஜு."

"இப்ப இல்ல. ரிட்டயர்டு ஆயிட்டேன். அதனாலதான் வந்தேன்." பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். கண்ணாடியைக் கீழே இறக்கினார். "அன்னைக்குக் கோர்ட்டுல எழுதுனது. தமிழ்ல எழுதிக் கொண்டாந்திருக்கேன். வாசிக்கட்டுமா?"

மிளகாயைக் கிளறுவதை நிறுத்தவில்லை. ஆனால் காது அங்கேதான் இருந்தது.

"'நான் சட்டமன்ற உறுப்பினராக இருந்தபோது ஒரு பட்டியலைச் சபையில் வாசித்தேன்.' சரியா?"

"ம்."

"'அதைத் தொழிற்சாலையார் தந்தார்கள். அதில் இருந்த யாரிடமும் அதை வாசித்துக் காட்டிச் சரிபார்க்கவில்லை.' சரியா?"

கிளறுவதை நிறுத்தினேன்.

"'மாரிக்கனி என்று இருக்க வேண்டிய இடத்தில் சொர்ணம் என்று வாசித்தேன். அந்தத் தவறு என்னுடையது. என் தவறை நானே எடைபோட உட்காரக் கூடாது. எனவே இதை வேறு நீதிபதி விசாரிக்கட்டும்.' சரியா, மாரிக்கனி?"

கையில் மிளகாய்க் காரம் இருந்ததால் கண்ணைத் துடைக்க முடியவில்லை. கோர்ட்டில் எழுதிய அந்தத் தாளை வைத்துத்தான் அடுத்த ஜட்ஜ் சட்டசபைக் குறிப்பைத் தள்ளிவிட்டு, எங்கள் சாட்சிகளை நம்பியிருக்கிறார். அண்ணாச்சி சொல்லித்தான் அது எனக்கு அன்றைக்கு விளங்கியது. அவரே விசாரித்து எனக்குத் தீர்ப்பு எழுதியிருந்தால், வேண்டியவளுக்கு எழுதினார் என்று கம்பெனி மேலே போயிருக்குமாம்.

"இதை அன்னைக்கே வாசிச்சுக் காட்டியிருந்தா என்ன, அண்ணாச்சி?"

"வாசிச்சிருந்தா உன்னைய மாரிக்கனின்னு கூப்பிட்டிருப்பேன். அந்த நாற்காலியில உக்காந்து அப்படிக் கூப்பிடக் கூடாது."

சோறு சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். பருப்புக் குழம்பும் வறுத்த மோர் மிளகாயும். என் மகள் கல்யாணத்துக்கு வராத குறைக்கு இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

போன ஐப்பசியில் தவறிவிட்டார். நானும் சொர்ணமும் சாத்தூருக்குப் போனோம். பெண்களோடு உள்ளே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுக் காற்றுக்காக வெளியே வந்தேன். சிவகாசிப் பிரஸ்காரர் ஒருவர், அண்ணாச்சியின் பழைய கட்சிக்காரர்கள் கொடுத்த ஆர்டர் என்று, ஒரு கட்டு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் கொண்டுவந்து காம்பவுண்டுச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார். மை வாசம் போகவில்லை. முன்னாள் சட்டமன்ற உறுப்பினர், முன்னாள் நீதிபதி எல்லாம் சரியாக இருந்தது. பேரை மட்டும் விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். வாலைச் சுருட்டி உட்கார்ந்திருக்கிற எழுத்தைக் காணோம்.

"ஏய்யா, நிறுத்து. பேரு தப்பு."

"என்ன பெரியம்மா தப்பு?"

"ள போட்டிருக்க. ழ வரணும்."

"எல்லாரும் அப்படித்தானே சொல்லுதோம்?"

"அது வாய். இது பேப்பரு. அச்சடிக்கு முன்ன வாசிச்சுக் காட்டுனீகளா?"

"செத்தவருக்கு எப்படிம்மா வாசிச்சுக் காட்ட?"

"எங்கிட்ட காட்டியிருக்கணும். ஒரு பேரு தப்பாப் போனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்." அந்த எழுத்து மேலே என் மூன்று விரல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். "இதை ஒட்டவிட மாட்டேன்."

கட்சிக்காரர்கள் வந்தார்கள். ஒரு எழுத்துதானே, அடக்கத்துக்கு எடுக்க நேரம் ஆகிவிட்டது என்றார்கள். சொர்ணம் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "அவளோட மல்லுக்கட்டாதீக. அவ என்னையவே கோர்ட்டுக்கு இழுத்தவ" என்றாள். பிரஸ்காரர் என் கையைப் பார்த்தார். ஒட்டியதை ஈரத்தோடு உரித்து எடுத்துவிட்டு போனை எடுத்தார். சிவகாசியில் மெஷினுக்குப் பஞ்சமா? சர்ச்சுக்கு எடுப்பதற்குள் வேறு கட்டு வந்துவிட்டது.

முதல் தாளைப் பிரித்து என் முன்னால் பிடித்தார். "பெரியம்மா, நீங்களே வாசிச்சுச் சொல்லுங்க. சரியான்னு பாத்துட்டு ஒட்டுதேன்."

இத்தனை வருசத்தில் அண்ணாச்சியின் பேரை நான் ஒரு தரம்கூட வாயால் சொன்னதில்லை. அன்றைக்கு விரலை வைத்து, நிறுத்தி நிறுத்தி, எல்லாரும் கேட்க வாசித்தேன். என் வாயில் ள-தான் வந்தது. பேப்பரில் ழ இருந்தது.

"சரி, ஒட்டு" என்றேன்.